காலி மனைச் சுவர்

பல் வாத்தியார் என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். பெயரை மட்டும் கேள்விப்பட்டு, பல் பிடுங்குகிறவர் என்று நினைத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பவர்களும் உண்டு. அவர் பிடுங்குகிறவர் இல்லை, கட்டுகிறவர். பல் டாக்டர்கள் வாயின் அளவெடுத்து அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு செய்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேலும் கீழும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பல்செட் கட்டுவதுதான் அவர் பிழைப்பு. வீட்டின் முன்னறையே பட்டறை. ஜன்னலோரம் ஒரு நீள மேஜை, அதன்மேல் வரிசையாகத் தாடைகள். முதல்முறை வருகிறவர்கள் அத்தனை சிரிப்பையும் ஒன்றாகப் பார்த்துக் கொஞ்சம் மிரளத்தான் செய்வார்கள்.

பல் அப்படி வந்தது. வாத்தியார் வந்தது சனிக்கிழமை சாயங்காலத்தால். தெருக்கோடியில் இருந்த சலவைக் கடையின் மாடியில், கீழே ஓடும் இஸ்திரிப் பெட்டிகளின் சூடு தரை வழியாக மேலே ஏறுகிற ஓர் அறையில், அவர் பல வருஷமாக ஒரு வகுப்பு நடத்திவந்தார். கட்டணம் கிடையாது, பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது. அதனால் கூட்டமும் கிடையாது. பாடம் ஒன்றே ஒன்றுதான். மண்ணுக்கு விலை எங்கிருந்து வருகிறது, அது யார் மடியில் போய் விழுகிறது, ஒரு தெரு முன்னேற முன்னேற அதில் வாடகைக்கு இருக்கிறவன் ஏன் திண்டாடுகிறான்.

இந்தக் கிறுக்கு அவருக்கு எங்கே பிடித்தது என்றால், அவர் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். அப்பா குழாய் பதிக்கிற வேலைக்காரர். எந்தச் சந்தில் தண்ணீர் இல்லையோ, அந்தச் சந்தில்தான் அவரால் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியும். கொஞ்ச காலத்தில் நகராட்சி அந்தச் சந்துக்குத் தண்ணீர் கொண்டுவரும். பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கிற ஆட்களில் அப்பாவும் இருப்பார். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் அம்மா நாலு நாளைக்குத் தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருப்பாள். அதற்குள் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, “இப்பத்தான் தண்ணி வந்துடுச்சே” என்பார். அவ்வளவுதான், மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். தான் பதித்த குழாயே தன்னைத் துரத்துகிறது என்பது அந்த மனுஷருக்குக் கடைசிவரை தெரியவில்லை. மகனுக்குத் தெரிந்தது, ஒரு வாசகசாலையில் யாரோ ஒருவர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட அன்றைக்கு.

அதற்குப் பிறகு அவர் விடவில்லை. வீடு கட்டினவனுக்கு வீட்டு வாடகை நியாயம் என்பார். ஆனால் மண்ணை யாரும் செய்யவில்லை, அதன் விலையைச் சுற்றியிருக்கிறவர்கள்தான் செய்கிறார்கள், அப்படி ஏறுகிற விலையை வரியாக வாங்கி ஊருக்கே செலவு செய்தால் ஒருவனும் இன்னொருவனைத் துரத்த வேண்டியதில்லை என்பார். நகராட்சிக்கு அவர் எழுதாத மனு இல்லை. பதில்தான் வந்தபாடில்லை.

வாத்தியாரின் மனைவி இந்த வகுப்புக்கு ஒரு நாளும் போனதில்லை. அந்த அம்மாளுக்கு நாள் முழுக்க நிற்கிற வேலை. தெருமுனை ஆஸ்பத்திரியில் துவைத்துக் காய்ந்த படுக்கை விரிப்புகளை உதறி மடித்து அடுக்குவாள். முழங்கால் தேய்ந்துபோய், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே உள்ள அந்தக் கொஞ்ச தூரத்தையே சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் கடப்பாள். “வீட்டுலயே தினமும் கேக்கறேன், மாடி ஏறி வேற கேக்கணுமா?” என்பாள். வாத்தியாரும் வற்புறுத்தியதில்லை.

வகுப்புக்குத் தவறாமல் வருகிறவர்கள் என்று பார்த்தால் சொற்பம். தையல் மாஸ்டர் வருவார், கையில் பட்டன் தைக்க வேண்டிய சட்டை இருக்கும். டீக்கடை அக்கா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவாள், வந்து பாதிப் பாடத்தில் தூங்கிவிடுவாள். ஒரே ஒருவர்தான் கண்கொட்டாமல் கேட்பார், குறுக்குக் கேள்வி கேட்பார், போன வாரம் சொன்னதை இந்த வாரம் ஒப்பிப்பார். அவர் யார் தெரியுமா? இடத் தரகர். மனை வாங்க விற்க அலைகிறவர். அட, சிரிக்காதீர்கள். வாத்தியாருக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஒரு தரகனையே திருத்திவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வருஷம் வாத்தியாருக்கு ரொம்பவே அலுத்துப்போயிருந்தது. தொண்டை கட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. ஒரு சனிக்கிழமை, அக்கா குறட்டை விட, மாஸ்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்க, அவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

“ஜனங்க பாடத்துக்கு வர மாட்டாங்க. பாடத்தை நாமதான் ஜனங்ககிட்ட கொண்டுபோகணும்” என்றார்.

தெரு நடுவில் ஒரு காலி மனை இருந்தது. சுற்றிலும் ஆளுயரச் சுவர், துருப்பிடித்த கேட்டில் பெரிய பூட்டு, உள்ளே முள்ளும் குப்பையும். சொந்தக்காரரை யாரும் பார்த்ததில்லை. எப்போதோ மலிவாக வாங்கிப் போட்டுவிட்டு எங்கோ இருக்கிறார் என்று பேச்சு. அந்தச் சுவரில்தான் வாத்தியார் பாடத்தை எழுதுவது என்று முடிவாயிற்று. மாஸ்டர் சுண்ணாம்பு அடித்தார். அக்கா ஏணி பிடித்தாள். வாத்தியார் நீலப் பெயின்டைத் தொட்டுத் தொட்டு, பல் நடுகிற நிதானத்தோடு ஒவ்வோர் எழுத்தாக நட்டார்.

இந்த மனையின் விலையை ஏற்றியது யார்? அது தலைப்பு. அதன் கீழே, இருபத்து நாலு மணி நேரமும் குழாய்த் தண்ணீர், தெரு கேட்டு வந்தது. பஸ் நிறுத்தம், தெரு மறியல் செய்து வந்தது. ஆஸ்பத்திரி, தெரு மனுக் கொடுத்து வந்தது. பள்ளிக்கூடம், தெரு கல் சுமந்து கட்டியது. மழைநீர் தேங்காத வடிகால், தெரு தோண்டியது.

“தூரத்தையும் போட்டுடுங்க சார்” என்றார் தரகர். “ஆஸ்பத்திரி ரெண்டு நிமிஷ நடை, பஸ் ஸ்டாப் அஞ்சு நிமிஷ நடைன்னு போட்டா, படிக்கிறவங்களுக்குச் சட்டுனு உறைக்கும்.”

வாத்தியாருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. போட்டார். எல்லாவற்றுக்கும் கீழே, முத்தாய்ப்பாக இரண்டு வரி. உழைத்தது தெரு, பூட்டி வைத்தது ஒருவர், லாபம் யாருக்கு? ஆனால் சுவரின் அடிப்பக்கம் செடி மண்டிக் கிடந்தது. அதை வெட்ட அரிவாள் கொண்டுவருவதாகச் சொன்ன மாஸ்டர் மறந்துபோனார். கடைசி இரண்டு வரியும் செடிக்குப் பின்னால் போயிற்று.

சும்மா சொல்லக் கூடாது, சுவரை ஜனங்கள் படித்தார்கள். நின்று படித்தார்கள். காரில் வந்து இறங்கியும் படித்தார்கள். பட்டறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பார்த்து வாத்தியாருக்கு மனசு நிறைந்தது. “பாத்தியா, இன்னைக்கும் ரெண்டு குடும்பம் வந்து படிச்சிட்டுப் போச்சு” என்று மனைவியிடம் சொன்னார். அவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, “கார் வச்சிருக்கிறவங்களுக்கு எதுக்குங்க உங்க பாடம்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவர் அன்றைக்கே காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே மனை விற்றுப்போயிற்று. விலையைக் கேட்ட டீக்கடை அக்கா டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். அந்தத் தெருவில் அப்படி ஒரு விலையை யாரும் காதால்கூடக் கேட்டதில்லை. அடுத்த வாரத்திலிருந்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் குடித்தனக்காரர்களின் வாசலில் தொண்டையைச் செருமத் தொடங்கினார்கள்.

வாத்தியாரின் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கத்துகிறவராக இருந்தால் பதிலுக்குக் கத்தலாம். இவர் மெதுவாக வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார். அவர் வாயிலிருந்த பல்செட் வாத்தியார் கட்டிக் கொடுத்தது. காசு வாங்காமல் கொடுத்தது.

“தப்பா நினைக்காதீங்க. வாடகையை இதுக்குமேல இப்படியே விட முடியாது. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். அட்வான்ஸும் புதுசா போட்டுக்கலாம்.”

“திடீர்னு இப்படிச் சொன்னா எப்படிங்க? வீட்டுல ஒரு ஓடுகூட மாத்தலையே நீங்க.”

“நான் எதுவும் செய்யலதான். நான் இல்லேன்னா சொல்றேன்? ஆனா தெருவுக்கு இவ்வளவு வசதி வந்திருக்கே. தண்ணி, பஸ்ஸு, ஆஸ்பத்திரி. நீங்களே சுவர்ல எழுதி வச்சிருக்கீங்களே சார். உண்மையைச் சொன்னா, அதைப் படிச்சப்புறம்தான் நானே யோசிச்சேன்.”

வாத்தியார் அந்தப் பல்வரிசையையே பார்த்தார். தான் சொல்லிக் கொடுத்த பாடத்தை, தான் கட்டிக் கொடுத்த பல்லால், தனக்கே ஒரு மனுஷன் ஒப்பிக்கிறான். ஒரு வார்த்தை தப்பில்லை. திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

மூன்றாம் நாள் அவர் டாக்டர்களுக்குச் செட்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தபோது, மனைவி வேலைக்குப் போகாமல் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கவர் இருந்தது.

“உங்க தரகர் வந்துட்டுப் போனார். மனையை வித்துக் குடுத்ததே அவர்தானாம். நாலு பேரைக் கூட்டிட்டு வந்து சுவர் முன்னால நிறுத்தினாராம். வாயே திறக்கலயாம். அவங்களே படிச்சிட்டு, அவங்களே விலையை ஏத்திக்கிட்டாங்களாம். இது உங்க பங்கு. சாருக்குச் சேர வேண்டியதை நான் சாப்பிட மாட்டேன்னார். நேர்மையான மனுஷன்தான், என்ன சொல்றது.”

வாத்தியார் கவரைத் தொடவில்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அடப்பாவி, தூரத்தைப் போடச் சொன்னது இதற்குத்தானா என்று ஒரு கணம் ரத்தம் கொதித்தது. அடுத்த கணமே அதுவும் அடங்கிப்போயிற்று. கோபப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டுமே.

“புது அட்வான்ஸுக்குச் சரியா இருக்கும். எண்ணிப் பாத்துட்டேன்” என்றாள் அவள்.

“திருப்பிக் குடுத்துடலாம்.”

“குடுத்துட்டு? எங்கே போறது? ஊர்க்கோடிக்கா? இந்த முட்டியை வச்சுக்கிட்டு அங்கிருந்து தினமும் நான் எப்படி வேலைக்கு வருவேன்? உங்க அச்சு, மெழுகு, அடுப்பு எல்லாத்தையும் எந்தப் பொந்துல வைப்பீங்க? டாக்டர் ஆள் அவ்வளவு தூரம் வருமா?” அவள் குரல் உடைந்தது. “நியாயம் பேசறது உங்க வேலை. குடும்பம் நடத்தறது என் வேலையா?”

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவருக்கும் அந்தக் கவர் வேண்டியிருந்தது. ரொம்பவே வேண்டியிருந்தது. இந்த ஜன்னலையும் மேஜையையும் விட்டுப்போக அவருக்கு மனசே இல்லை. இத்தனை வருஷம் கத்தி என்ன கண்டோம், ஒருமுறை கையை நீட்டினால் குடியா முழுகிவிடும் என்று உள்ளே ஒரு குரல் நச்சரித்தது. வேண்டாம் என்று அவர் சொன்னது வாய்ப் பழக்கத்தால் வந்த வார்த்தை.

“உன் இஷ்டம். எனக்கு அலுத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டு மெழுகைச் சூடு பண்ணப் போனார். அன்றைக்கு அவர் நட்ட பல் எல்லாம் கோணல். மறுநாள் அத்தனையையும் உருக்கிப் புதிதாக நட வேண்டியதாயிற்று.

அந்தச் சனிக்கிழமை சலவைக் கடை மாடி நிரம்பி வழிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கனவு கண்ட கூட்டம். பாடம் கேட்க வந்த கூட்டம் இல்லை, சண்டை போட வந்தது. எல்லோருக்கும் வாடகை ஏறியிருந்தது.

“சார், நான் மரியாதை விட்டுப் பேசறதா நினைக்காதீங்க” என்று மாஸ்டர் எழுந்தார். இப்போது அவர் கையில் சட்டை இல்லை. “சும்மா கெடந்த சுவரை எழுதி வச்சுக் கெடுத்தது நாமதானே? சுண்ணாம்பு அடிச்ச என் கையை நானே வெட்டிக்கலாம் போல இருக்கு.”

“ஏணி பிடிச்ச என்னை என்ன பண்றது?” என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

முன்வரிசையில் தரகர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததே ஆச்சரியம். வாத்தியார் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். கரும்பலகையில் எழுத ஒன்றும் இல்லை. நான் சொன்னது தப்பு என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

அப்போதுதான் படியில் அந்தக் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. வாத்தியாருக்கு அந்த நடை தெரியும். மனைவி கைப்பிடியைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். யாரோ நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

“எனக்கு ஒண்ணு கேக்கணும். அந்த மனைக்கு விலையை ஏத்தினது யாரு?” என்றாள்.

டீக்கடை அக்கா, “நாமதான்” என்றாள், கொஞ்சம் எரிச்சலோடு.

“எல்லாரும்தானே?”

“எல்லாரும்தான்.”

அவள் இடுப்பிலிருந்து கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தரகர் முகம் வெளிறியது.

“இந்த விலையில கொஞ்சம் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. இவர் எழுதினதுக்குக் கூலியாம். இதைக் கட்டினா நாங்க இங்கேயே இருக்கலாம். நாலு நாளா தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுத்தேன். கண்ணை மூடினா மாஸ்டர் வீடு காலி பண்ற மாதிரி, அக்கா கடையைத் தூக்கற மாதிரி.” அவள் புருஷனைப் பார்த்தாள். பாசமாக எல்லாம் இல்லை, முறைத்துத்தான் பார்த்தாள். “இவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் இந்த வியாதி ஒட்டிக்கிச்சு. எடுத்துப் பிரிச்சுக்குங்க. சீக்கிரம். நான் மனசு மாறறதுக்குள்ள.”

பிரித்தார்கள். முதலில் யாரும் கை நீட்டவில்லை. பிறகு மாஸ்டர் அக்காவைப் பார்க்க, அக்கா பின்வரிசையைப் பார்க்க, மெல்ல நடந்தது. தரகர் தயங்கித் தயங்கி, “நானும் இந்தத் தெருதான். எனக்கும் வாடகை ஏறிடுச்சு” என்றார். ஒரு நிமிஷம் அறையே அவரை வெறித்தது. அப்புறம் யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். ஆளுக்கு வந்தது, கூடிய வாடகையை ஒரே ஒரு மாசம் சமாளிக்கிற அளவு. அவ்வளவுதான்.

கலையும்போது மாஸ்டர் வாத்தியாரிடம் வந்து நின்றார். தன் பங்கைச் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்திருந்தார்.

“இத்தனை வருஷம் சொன்னீங்க சார். சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல. பட்டன் தைக்க வெளிச்சம் நல்லா இருக்கேன்னுதான் வந்தேன்.” அவர் கண் கலங்கியிருந்தது. “இன்னைக்குப் புரிஞ்சுது. இது மாசாமாசம் வரவேண்டியது, இல்ல?”

“ஆமா” என்றார் வாத்தியார்.

ஒரு மாசம் கழித்து வாத்தியாரும் மனைவியும் வீட்டைக் காலி செய்தார்கள். அதற்குள் மனையில் கட்டட வேலை தொடங்கிச் சுவரை இடித்துவிட்டார்கள். புது வீடு ஊர்க்கோடியில், ஓடு போட்ட ஒற்றை அறை. தாடைகளை வைக்க ஜன்னல் இல்லை. பாதி டாக்டர்கள் தூரம் என்று வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பஸ் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து மண் பாதையில் நடக்க வேண்டும். வீட்டுக்கு எதிரே, சொல்லி வைத்த மாதிரி, ஒரு காலி மனை. புத்தம்புதுச் சுவர், பெரிய பூட்டு. வந்த அன்றைக்கு வாத்தியார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சாக்பீஸைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்” என்றாள் மனைவி, பாத்திர மூட்டையை அவிழ்த்தபடி.

அவர் தொடவில்லை. சனிக்கிழமைகள் வந்தன, போயின. அவர் சும்மா படுத்துக் கிடந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு, அப்பா எத்தனை வீடு மாறியிருப்பார் என்று யோசித்தார். பேசாமல் இருப்பது இவ்வளவு சுகமா என்றுகூடத் தோன்றியது. அந்தச் சுகம் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வர நேரமாகிவிட்டது. அவர் தேடிக்கொண்டு பாதி வழி போனார். மண் பாதையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பையும் குடமுமாக அதே மாதிரி வந்து உட்கார்ந்த இன்னும் இரண்டு பெண்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இவங்க பஸ் கேக்கணும்னு பேசிட்டிருக்காங்க. இந்தப் பாதை வரைக்கும்” என்றாள் மனைவி.

வாத்தியார் அவளைப் பார்த்தார். “பஸ் வந்தா வாடகை ஏறும்” என்றார் மெதுவாக. “தெரிஞ்சுதானே சொல்றே?”

“எனக்குத் தெரியும்.” அவள் அவர் கையைப் பிடித்து, முனகிக்கொண்டே எழுந்தாள். “இவங்களுக்குத் தெரியாதே. சனிக்கிழமை நம்ம வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். பஸ்ஸும் கேளுங்க, ஏறுற விலையை வரியா வாங்கணும்னும் சேத்தே கேளுங்க. சுவர்ல கிவர்ல எழுதாம, வாயால சொல்லுங்க.”